கறுப்புக் கையுறையும் ஒதுக்கீட்டு இடமும்: விளையாட்டு இனப்பாகுபாட்டைக் குறைக்குமா?



ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து, மாவட்ட அளவிலான தேர்வுக்கு மாணவர்களின் பெயர்களை அனுப்பும் காலத்தில், ரெங்கத்தில் ஒரு வாக்கியத்தை நான் தவறாமல் கேட்கிறேன். "நம்ம பிள்ளைங்களை எங்க டீச்சர் எடுக்கப் போறாங்க?" என்பதே அது. பல வேளைகளில் பெயரை அனுப்பும் முன்பே அது சொல்லப்பட்டுவிடுகிறது. சிலர் அதைப் பிள்ளையின் எதிரிலேயே சொல்கின்றனர். பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை மறுவாரம் வருவதில்லை.

இதைத் தொடர்ந்து எழும் விவாதங்களையும் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். விளையாட்டிலும் நமக்கென இத்தனை இடம் என்று ஒதுக்க வேண்டும் என்பார் ஒருவர். ஒதுக்கீட்டால்தான் நாடு இந்நிலைக்கு வந்தது, திறமை ஒன்றே போதும் என்பார் இன்னொருவர். யாராவது ஒரு நாள் கறுப்புப் பட்டை அணிந்து திடலில் நின்றால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்பார் வேறொருவர். மூன்று கருத்துகளும் மேம்போக்காகப் பேசப்பட்டுத் தேநீரோடு முடிந்துவிடுகின்றன. ஆனால், இம்மூன்றையும் ஒரு நாடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகச் செய்து பார்த்திருக்கிறது. அந்நாட்டில் நம்மைப் போலவே ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்களும் வாழ்கின்றனர். தென்னாப்பிரிக்காவைத்தான் சொல்கிறேன். அதன் கதையை அறிந்துகொண்டு பேசினால் நம் பேச்சுக்கும் ஓர் அடிப்படை இருக்கும் அல்லவா?

மெக்சிகோவில் ஒரு மலேசியர்

தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் முன் மெக்சிகோவைத் தொட்டுச் செல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று நடந்தது. அமெரிக்காவின் டோமி ஸ்மித் 19.83 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் இரண்டாமிடம், அமெரிக்காவின் ஜான் கார்லோஸ் மூன்றாமிடம். பரிசு மேடையில் அமெரிக்கப் பண் இசைக்கப்பட்டபோது ஸ்மித்தும் கார்லோசும் தலை தாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினர். அந்தப் படத்தைப் பார்க்காதவர் இலர்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அதே 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை முன்னேறியவர் நம் நாட்டின் மருத்துவர் எம். ஜெகதீசன். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர் அவர். மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 வினாடி 2017 வரை, 49 ஆண்டுகள், மலேசியச் சாதனையாக நின்றது. கையுறை உயர்ந்த அந்த ஓட்டத்தில் ஒரு மலேசியத் தமிழரும் ஓடினார் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவர்.

அந்தக் கையுறை அப்போது யாருடைய மனத்தையாவது மாற்றியதா? உடனடி விளைவு நேர்மாறானது. இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். தாயகம் திரும்பியதும் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர்களுக்கு ஆதரவாக நெஞ்சில் ஒரு சின்னம் அணிந்து நின்ற வெள்ளையரான நார்மன் தம் சொந்த நாட்டிலேயே ஓரங்கட்டப்பட்டார். 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் ஆஸ்திரேலியா சென்று அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரியது 2012இல். அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பு ஸ்மித்தையும் கார்லோசையும் தன் புகழ்மன்றத்தில் சேர்த்தது 2019இல். கணக்குப் போட்டால் 51 ஆண்டுகள்!

ஆனால், அக்கையுறைக்குப் பின்னால் ஒரு கோரிக்கைப் பட்டியல் இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம். நிறவெறி ஆட்சி நடத்தும் தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 1968 தொடக்கத்தில் அந்நாட்டை மீண்டும் சேர்த்துக்கொள்ள அனைத்துலக ஒலிம்பிக் குழு முடிவு செய்திருந்தது. பல நாடுகள் புறக்கணிப்போம் என்று எச்சரித்ததால் ஏப்ரலில் அம்முடிவு கைவிடப்பட்டது. 1970இல் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது. பிறர் மனத்தை மாற்ற முயன்ற இடத்தில் அப்போராட்டம் தோற்றது. நுழைவாயிலை அடைக்கக் கோரிய இடத்தில் வென்றது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

மழையில் கொடுத்த பரிசு

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள் அதில் இருந்தனர். 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தென்னிந்தியர். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி ஜொகூர் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த கதைக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. கப்பல் சென்ற திசைதான் வேறு.

1948க்குப் பின் அங்கே நிறவெறி சட்டமாயிற்று. விளையாட்டுச் சங்கங்கள், திடல்கள், பார்வையாளர் இருக்கைகள் எல்லாம் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன. அந்தச் சூழலில் டர்பனில் குழிப்பந்தாட்ட மட்டைகளைச் சுமக்கும் பையனாக இருந்து ஆட்டக்காரராக உயர்ந்தவர் செவ்சங்கர் 'பாப்வா' செவ்கோலும். கைகளை மாற்றி மட்டையைப் பிடிக்கும் வழக்கமுடையவர். பள்ளிப் படிப்பு அற்றவர். 1959இலும் 1960இலும் டச்சுப் பொதுப் போட்டியில் வாகை சூடினார். 1963இல் டர்பனில் நேட்டால் பொதுப் போட்டியை வென்றார். மழை பெய்துகொண்டிருந்தது. மன்றக் கட்டடத்தினுள் வெள்ளையர் மட்டுமே நுழையலாம். ஆகவே தோற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றுக்கொண்டார்!

அவர் கையுறை அணியவில்லை, முட்டியை உயர்த்தவில்லை, எதையும் முழங்கவில்லை. வென்றார், மழையில் நின்றார், அவ்வளவே. ஆயினும் அந்தக் காட்சியின் செய்தி உலக நாளேடுகளில் பரவியது. 1965இல் அதே போட்டியில் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் அவர் வென்றார். பிறகு வெள்ளையர் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. வறுமையிலேயே 1978இல் இறந்தார். "திறமை ஒன்றே போதும்" என்று சொல்லும் நண்பர்கள் பாப்வாவின் வாழ்க்கையை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவரிடம் திறமை இருந்தது. மறுக்க முடியாத அளவுக்கு இருந்தது. அதனாலேயே அவரைத் தடுத்தார்கள்.

ஒரே ஒரு பந்து

1968இல் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியில் பேசில் டொலிவேரா என்பவர் இடம்பெற்றார். கேப்டவுனில் பிறந்த கலப்பினத்தவர். தாய்நாட்டில் ஆட வாய்ப்பின்றி இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அவர் இருக்கும் அணியை ஏற்க முடியாது என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் மறுத்தார். இங்கிலாந்தின் பயணம் கைவிடப்பட்டது. 1970இல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்குச் செல்லவிருந்த பயணமும் எதிர்ப்பால் நின்றது.

வெள்ளையர் கிரிக்கெட் சங்கத்துக்கு அச்சம் வந்தது. அடுத்து ஆஸ்திரேலியப் பயணம். அதையாவது காப்பாற்ற, அணியில் வெள்ளையரல்லாதார் இருவரைச் சேர்க்கலாம் என்று அது முன்மொழிந்தது. விளையாட்டில் ஒதுக்கீடு என்று இன்று நாம் சொல்வதன் முதல் வடிவம் இதுவே என்பேன். அரசு மறுத்துவிட்டது. 1971 ஏப்ரல் 3ஆம் நாள் நியூலாண்ட்ஸ் திடலில், அந்நாட்டின் தலைசிறந்த வெள்ளை ஆட்டக்காரர்கள் ஒரே ஒரு பந்து வீசியபின் திடலை விட்டு வெளியேறினர். மைக் புரோக்டர் வீச, பாரி ரிச்சர்ட்ஸ் ஆடிய பந்து அது. தேர்வு தகுதியின்படி நடக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை கொடுத்தனர். பிறகு திரும்பி வந்து ஆட்டத்தை ஆடி முடித்தனர்.

இங்கேதான் கதை சுவையாகிறது. அந்த இரண்டு இடங்களும் யாருக்காகவோ, அவர்களுடைய சங்கத்தின் தலைவர் ஹசன் ஹோவா அவற்றை வேண்டாம் என்றார்! உலகின் கண்ணைக் கட்டுவதற்காக இருவரைக் காட்சிப்பொருளாக அழைத்துச் செல்வது ஏமாற்று என்பது அவருடைய வாதம். இயல்பற்ற சமுதாயத்தில் விளையாட்டு மட்டும் இயல்பாக நடக்க முடியாது என்னும் அவருடைய கருத்து பின்னாளில் முழக்கமாகவே மாறியது. இருக்கும் திடலெல்லாம் ஒரு சாராருக்கு, கரடுமுரடான தரையெல்லாம் மறு சாராருக்கு என்று வைத்துவிட்டு, உச்சியில் மட்டும் இரண்டு இடம் கொடுப்பதில் என்ன நியாயம்? அவர் மறுத்தது சரியே என நான் கருதுகிறேன். வாய்ப்பை நழுவவிட்டார் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த இரண்டு ஆட்டக்காரர்களின் நிலையில் நின்று பார்த்தால் அவ்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இதன்பின் தென்னாப்பிரிக்கா இருபது ஆண்டுகள் உலக விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது. அவ்வொதுக்கலை நடத்திய முதன்மையானவர்களுள் டர்பனில் பிறந்த சாம் ராமசாமியும் ஒருவர். தமிழ் வழியினர், ஆசிரியராகப் பணியாற்றியவர். நாட்டை விட்டு இலண்டனுக்குச் சென்று இனப்பாகுபாடற்ற ஒலிம்பிக் குழுவின் தலைவராக உழைத்தார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கிற்குத் தென்னாப்பிரிக்கா திரும்பி வந்தபோது அந்நாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக நின்றவரும் அவரே. ஓர் ஆசிரியர் இவ்வளவு செய்திருக்கிறார் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மலேசியாவுக்கும் இதில் பங்குண்டு. 1960 மார்ச்சில் ஷார்ப்வில் என்னுமிடத்தில் காவல் துறை சுட்டதில் 69 கறுப்பினத்தவர் மாண்டனர். அவ்வாண்டு காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் அதைத் துணிந்து எழுப்பியவர் நம் துங்கு அப்துல் ரஹ்மான். மறு ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு விலக நேர்ந்தது. காற்பந்துச் சங்கத் தலைவராகவும் இருந்த ஒருவர் அன்று அப்படிப் பேசினார் என்பதில் எனக்குப் பெருமையே.

ஒதுக்கீடு வந்தபின்

1991 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா மீண்டும் அனைத்துலகக் கிரிக்கெட் ஆடியது. களமிறங்கிய பதினொருவரும் வெள்ளையர். சட்டம் மாறியது, அணி மாறவில்லை. மாறாதது வியப்பில்லை. நல்ல ஆடுகளமும் பயிற்றுநரும் வெள்ளையர் பள்ளிகளில்தானே இருந்தன! 1998இல்கூட மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் டெஸ்டில் முற்றிலும் வெள்ளையர் அணியே ஆடியது. அரசியல் எதிர்ப்பு எழுந்தது. அதன்பிறகே அணியில் கட்டாயம் இடம் தர வேண்டும் என்னும் நெருக்குதல் வலுத்தது.

ஒதுக்கீட்டின் கசப்பான பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2002 சனவரியில் சிட்னி டெஸ்டுக்கு ஜாக் ருடால்ஃப் என்னும் வெள்ளை இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டார். சங்கத் தலைவர் பெர்சி சான் அதைத் தடுத்து, கலப்பினத்தவரான ஜஸ்டின் ஒன்டோங்கைச் சேர்க்கச் செய்தார். ருடால்ஃபுக்குத் தம் முதல் டெஸ்ட் கைநழுவியது. ஒன்டோங்கின் நிலையோ அதைவிடக் கொடுமை. தம் வாழ்வின் முதல் டெஸ்டில் அவர் களமிறங்கியபோது, இவன் ஏன் இங்கே இருக்கிறான் என்று திடல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. அவர் எடுத்த ஓட்டங்களை யார் எண்ணினார்கள்? கெவின் பீட்டர்சன் ஒதுக்கீட்டைக் காரணம் காட்டி நாட்டை விட்டுச் சென்று இங்கிலாந்தின் பெரும் ஆட்டக்காரரானார். இவையெல்லாம் உண்மையான இழப்புகள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ம்டிங்கி என்னும் சிற்றூரில் மாடு மேய்த்த சிறுவன் மகாயா ந்டினி. கிரிக்கெட் வளர்ச்சித் திட்டமொன்று அவரைக் கண்டெடுத்து நல்ல பள்ளியில் சேர்த்தது. 1998இல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். 101 டெஸ்ட், 390 விக்கெட்டுகள். 2005இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரே டெஸ்டில் 13 விக்கெட்டுகள். ஒதுக்கீடு வென்றது, இனப்பகை தோற்றது என்று எழுதிவிட்டுப் போகலாம் போலத் தோன்றுகிறதல்லவா?

2020இல் ந்டினி தொலைக்காட்சியில் பேசினார். அணியில் இருந்த அவ்வளவு ஆண்டுகளும் தாம் தனியாகவே இருந்ததாகச் சொன்னார். உணவுக்குச் செல்லும்போது யாரும் அறைக் கதவைத் தட்டியதில்லை. பேருந்தில் தம் அருகில் யாரும் உட்காராததால், விடுதியிலிருந்து திடலுக்கு ஓடியே சென்றதாகச் சொன்னார். உடற்பயிற்சிக்காக ஓடுகிறார் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது!

நண்பர்களே, ஒதுக்கீட்டைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தியது இச்செய்தியே. சட்டத்தால் ஒருவனைப் பேருந்தில் ஏற்றலாம். பக்கத்து இருக்கையில் இன்னொருவனை உட்கார வைக்கும் சட்டம் இல்லை. நம் வகுப்பிலும் பாருங்கள். குழு நடவடிக்கைக்குப் பெயர்ப்பட்டியல் போடுவது நம் கையில் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை.

ஹாஷிம் அம்லாவின் கதை வேறுவிதம். டர்பனைச் சேர்ந்த இந்திய வமிசாவளியினர். 2004இல் முதல் டெஸ்ட் ஆடியபின் சரியாக ஆடவில்லை. ஒதுக்கீட்டு ஆட்டக்காரர் என்று இகழ்ந்தனர். 2006இல் ஒரு வருணனையாளர் அவருடைய தாடியைப் பார்த்துப் பயங்கரவாதி என்று ஒலிபெருக்கியில் சொல்லி வேலை இழந்தார். 2012இல் ஓவல் திடலில் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள் எடுத்து, மூன்று நூறு கடந்த முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார் அம்லா. பிறகு டெஸ்ட் அணித்தலைவரும் ஆனார். இகழ்ந்தவர்கள் மனம் மாறினார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வாயடைத்துப் போனார்கள் என்பது உறுதி.

2016இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியம் இலக்கை எண்ணிக்கையாகவே அறிவித்தது. ஒரு பருவத்தின் சராசரியாகப் பதினொருவரில் ஆறு பேர் வெள்ளையரல்லாதார். அவர்களுள் குறைந்தது இருவர் கறுப்பின ஆப்பிரிக்கர். தமிழ்ப் பெயருடைய சேனுரன் முத்துசாமியை இங்கே எண்ணிப் பாருங்கள். டர்பனில் பிறந்த அவர் முதல் கணக்கில் வருவார். இரண்டாம் கணக்கில் வரமாட்டார். 2019இல் விசாகப்பட்டினத்தில் தம் முதல் டெஸ்டில் விராட் கோலியை வீழ்த்தினார். பிறகு ஆண்டுக்கணக்கில் அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. ஒதுக்கீடு அவரைத் தூக்கிவிடவில்லை. 2025 அக்டோபரில் லாகூர் டெஸ்டில் 11 விக்கெட்டுகளும், நவம்பரில் குவாகாத்தியில் இந்தியாவுக்கு எதிராக 109 ஓட்டங்களும் எடுத்தபோதுதான் உலகம் அப்பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது.

சுற்றறிக்கையால் வந்த போராட்டம்

2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் விளையாட்டு வீரர்கள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எதிர்ப்பைக் காட்டினர். தென்னாப்பிரிக்க இளம் பந்துவீச்சாளர் லுங்கி எங்கிடி அதற்கு ஆதரவாகப் பேசியதும் முன்னாள் வெள்ளை ஆட்டக்காரர்கள் சிலர் அவரைக் கடிந்தனர். மறுபுறம் முன்னாள் கறுப்பின ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டனர். ந்டினி பேசியதும் அந்தச் சூட்டில்தான். 2021இல் வாரியமே ஒரு விசாரணை நடத்தி, பல ஆட்டக்காரர்கள் தாங்கள் பட்டதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். ஓர் இளைஞர் சொன்ன சில சொற்கள் இருபதாண்டு மௌனத்தைக் கலைத்தன. அடையாளப் போராட்டம் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதுவே என் விடை.

ஆனால், அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் துபாயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உலகக் கிண்ண ஆட்டத்தன்று, எல்லா ஆட்டக்காரர்களும் முழங்காலிட வேண்டும் என்று வாரியம் கட்டளையிட்டது. குவின்டன் டி காக் மறுத்து ஆட்டத்திலிருந்து விலகினார். இனவெறியர் என்று உலகமே அவரை ஏசியது. இரண்டு நாள் கழித்து அவர் மன்னிப்புக் கேட்டார். தம் மாற்றாந்தாய் கறுப்பினத்தவர், தம் தங்கையர் கலப்பினத்தவர், தமக்கு இது பிறந்தது முதலே வாழ்க்கை என்று விளக்கினார். அடுத்த ஆட்டத்தில் முழங்காலிட்டார்.

ஸ்மித்தும் கார்லோசும் முட்டியை உயர்த்தியபோது அது அவர்களுடைய ஓட்ட வாழ்வையே விலையாகக் கேட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து முழங்காலிடுபவருக்கு என்ன விலை? முழங்காலிடாதவருக்கே விலை! நம் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. ஒற்றுமை வாரம் கொண்டாடுக, படம் எடுத்து அனுப்புக என்று சுற்றறிக்கை வரும். கொண்டாடுவோம், படமும் அனுப்புவோம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளையின் பெயர் நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

எல்லாரும் எந்தப் பள்ளியில் படித்தார்கள்?

2025 சூனில் லார்ட்ஸ் திடலில் ஆஸ்திரேலியாவை ஐந்து விக்கெட்டில் வென்று தென்னாப்பிரிக்கா உலக டெஸ்ட் வாகையர் ஆனது. அணித்தலைவர் தெம்பா பவுமா. காலில் காயத்தோடு நின்று 66 ஓட்டங்கள் எடுத்தார். கேப்டவுனின் லங்கா என்னும் கறுப்பினக் குடியிருப்பில் தெருவில் ஆடி வளர்ந்தவர். ஒதுக்கீட்டுத் தலைவர் என்று பல ஆண்டுகள் கேலிக்கு ஆளானவர். ஆறாம் வகுப்பில் அவர் எழுதிய ஒரு கட்டுரையைச் செய்தித்தாள்கள் தேடியெடுத்து வெளியிட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தேசிய அணியில் சேர்ந்து அதிபரின் வாழ்த்தைப் பெறுவதாக அதில் எழுதியிருந்தாராம். கட்டுரை திருத்தும் ஆசிரியர்கள் இதைப் படித்து மகிழலாம்!

அக்கட்டுரையை அவர் எந்தப் பள்ளியில் எழுதினார் என்பதே எனக்கு முக்கியம். லங்காவில் அன்று, முன்பு வெள்ளையர்க்கே உரியதாக இருந்த ஒரு பழம்பெரும் பள்ளியில். அங்கே அவருக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. எங்கிடியும் உதவித்தொகையில் வசதிமிக்க பள்ளியொன்றில் படித்தவர். ககிசோ ரபாடா தனியார் பள்ளி. ந்டினியை வளர்ச்சித் திட்டம் டேல் கல்லூரியில் சேர்த்தது. இரக்பி அணித்தலைவராக 2019லும் 2023லும் உலகக் கிண்ணம் வென்ற சியா கோலிசியும் வறிய குடியிருப்பிலிருந்து உதவித்தொகையில் நல்ல பள்ளிக்குச் சென்றவர். ஒதுக்கீடு உச்சியில் கதவைத் திறந்து வைத்தது உண்மை. திறந்த கதவு வரை நடந்து வந்தவர்களோ பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நல்ல திடலில் கால் வைத்தவர்கள். அவர்களோடு ஆடிய வெள்ளைச் சிறுவர்களும் அங்கேதான் அவர்களோடு சாப்பிடவும் சண்டை போடவும் கற்றார்கள். ந்டினியின் பேருந்திலும் பவுமாவின் அணியிலும் நான் காணும் வேறுபாட்டுக்கு இதுவே பெரிய காரணம் என்பது என் துணிபு. உதவித்தொகை எட்டாத இலட்சக்கணக்கான பிள்ளைகள் இன்னமும் வெளியிலேயே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் திடல்

நம் வீடுகளில் ஒதுக்கீடு, கோட்டா என்னும் சொற்களே கசக்கும். காரணம் உங்களுக்குத் தெரியும். மெட்ரிகுலேசன் கல்லூரிகளில் 90 விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்திராக்களுக்கு என்னும் விகிதம் 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் மாறவில்லை. 2024இல்தான், எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ' பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று அரசு அறிவித்தது. அக்கசப்பை மனத்தில் வைத்துக்கொண்டே தென்னாப்பிரிக்காவைப் பார்க்கிறோம். அங்கே ஒதுக்கீடு சட்டத்தால் மூன்று தலைமுறை வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு. நம்மவரின் வழித்தோன்றல்கள் அங்கே பயன்பெறும் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே சரி, இங்கே தவறு என்று நம் வசதிக்கேற்பப் பேச முடியாது. யார் எதனால் பின்தங்கினார் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுத்தான் பேச வேண்டும்.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற நம் காற்பந்து அணியைப் பெரியவர்கள் இன்றும் பேசுவர். கோல் காவலர் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் சந்தோக் சிங், சோ சின் ஆன், முன்னணியில் ஹசான் சானி, ஜேம்ஸ் வோங். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அவர்கள் ஒலிம்பிக் திடலை மிதிக்கவே இல்லை என்பது தனித் துயரம். 1969 கலவரம் நடந்து பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. எந்த ஒதுக்கீடும் அவ்வணியை அமைக்கவில்லை. அப்படியானால் ஒதுக்கீடு வேண்டாம்தானே என்று கேட்காதீர்கள். அக்காலத்தில் தோட்டந்தோறும் ஒரு திடல் இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பால்மரக்காட்டிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே பந்து உதைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டி நடந்தது. ரெங்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அப்படித்தான். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் குடும்பங்கள் குளுவாங்குக்கும் ஜொகூர்பாருவுக்கும் பெயர்ந்தன. திடலில் ஆடப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் திடல் இல்லை. முறையான திடல் இல்லாத தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் எத்தனையோ உள்ளன. இந்நிலையில் மாநில அணியில் நமக்கு இரண்டு இடம் ஒதுக்கினாலும் ஹோவா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்பேன்.

தேர்வில் ஓரவஞ்சனை நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு தேர்வில் எங்கள் மாணவி ஒருத்தி முதலாவதாக ஓடி வந்தும் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நேரக் குறிப்பைக் காட்டி எழுத்து வழிக் கேட்டோம். பெயர் சேர்க்கப்பட்டது. காரணம் கவனக்குறைவு என்றார்கள், இருக்கலாம். கேட்காமல் இருந்திருந்தால் அது கவனக்குறைவாகவே முடிந்திருக்கும், அவளுக்கும் வாழ்நாள் முழுக்க ஒரு பாடமாகப் பதிந்திருக்கும். அதனால்தான் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லிப் புறப்பாட ஆசிரியர்களை வற்புறுத்துகிறேன். கறுப்புப் பட்டையைவிட அந்தக் குறிப்பேடு வலியது என்பது என் அனுபவம்.

இப்பருவத்தில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்குகிறோம். அருகிலுள்ள தேசியப் பள்ளி, சீனப்பள்ளி ஆசிரியர்களோடு பேசிவிட்டோம். புதன்கிழமை பிற்பகலில் தேசியப் பள்ளித் திடலில் மூன்று பள்ளி மாணவர்களும் ஒன்றாகப் பயிற்சி செய்வர். பள்ளிவாரியாக அணி பிரிக்கமாட்டோம். அஞ்சல் ஓட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் இருப்பர். பயிற்சி முடிந்து எல்லாருக்கும் ஒரே இடத்தில் சிற்றுண்டி. எதைச் சமைப்பது என்று மூன்று பள்ளிப் பெற்றோரும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஏழு பிள்ளைகளுக்கு மாலையில் வீடு திரும்ப வாகனம் இல்லை. அவ்வழியே செல்லும் பெற்றோர் யாரேனும் இருந்தால், அடுத்த புதன்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.